விளைப்பவன் இங்கே! விதிப்பவன் எங்கே?

பொழுது புலருமுன்பே ஆயக்குடிக் கொய்யாச் சந்தை கூடிவிடுகின்றது. கணக்கன்பட்டி, அமரபூண்டிப் பக்கத்திருந்தும் மலையடிவாரத் தோட்டங்களிலிருந்தும் பெட்டி பெட்டியாகப் பழம் வந்து இறங்குகின்றது. கொய்யா காத்திருக்கும் பழமன்று. பறித்த சில நாளில் குழைந்துவிடும். ஆகவே, வணிகர் சொல்லும் விலைக்கு உழவர் பெரும்பாலும் தலையசைத்தே தீரவேண்டியிருக்கின்றது. அக் கொடுமையை நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும், கொய்யா உழவன் தன் விலையைக் குறைப்பவனின் முகத்தையேனும் காண்கின்றான், அவனோடு வழக்காடுகின்றான், மனம் ஒவ்வாவிடின் மறுநாள் வேறொருவனை நாடுகின்றான். இவ்வூருக்கு மேலே, பேகன் ஆண்ட பொதினி மலைத்தொடரில், தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் பெரும்பாறையிலும் மிளகுக்கொடி வளர்க்கின்ற உழவனுக்கோ அந்தப் பேறும் வாய்க்கவில்லை. அவன் விலையைக் குறைத்தவர் எந்நாட்டவர், எவ்வறையில் அமர்ந்து குறைத்தனர், எம்மொழியில் எழுதிக் குறைத்தனர் என்பதை அவன் அறியான்.

2018ஆம் ஆண்டில் ஒருநாள் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். மலைமேல் சிறு நிலம் உடையவர். குளம்பிச் செடிகளுக்கிடையே நிழல்மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பவர். “ஐயா, மழையும் பொய்க்கவில்லை, கொடியும் காய்த்திருக்கின்றது. ஈராண்டுக்கு முன் கிலோ 650 உருபாவுக்கு மேல் கொடுத்தேன். இப்பொழுது 400 கேட்டாலும் வணிகர் சிரிக்கின்றார். என்ன நேர்ந்தது?” என்று வினவினார். தொல்காப்பிய நூற்பா எதனைக் கேட்டிருந்தாலும் அன்று விடை பகர்ந்திருப்பேன். இவ் வினாவிற்கு என்னிடம் விடையில்லை. நாணினேன். அந் நாணமே என்னைச் சில தாள்களைத் தேடிப் படிக்கச் செய்தது. படித்தவற்றைத் தனித்தமிழ் அன்பர்கள் முன் வைப்பது என் கடன் எனக் கருதி இதனை எழுதுகின்றேன்.

ஒரே மிளகு, மூன்று வாயில்

வெளிநாட்டு மிளகிற்கு இந்திய அரசு வைத்த பொதுத் தீர்வை நூற்றுக்கு எழுபது. இது முதல் வாயில். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்போடு 2009ஆம் ஆண்டு ஆகத்து 13ஆம் நாள் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி அந் நாடுகளின் மிளகிற்கு அத் தீர்வை, 2019ஆம் ஆண்டின் முடிவிற்குள் நூற்றுக்கு ஐம்பதாகப் படிப்படியாய்க் குறைக்கப்பட்டது. இஃது இரண்டாம் வாயில். இலங்கையோடு 1998ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள் கையெழுத்திட்டு, 2000ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த தடையிலா வணிக ஒப்பந்தம் மூன்றாம் வாயில். இதன்வழி ஆண்டுக்கு 2,500 டன், அஃதாவது 25 இலக்கம் கிலோ, மிளகு தீர்வையே இன்றி நுழையலாம். அதற்கு மேற்பட்டதும் தெற்காசிய ஒப்பந்தத்தின்படி நூற்றுக்கு எட்டே கொடுத்து உள்ளே வரலாம்.

எழுபது, ஐம்பது, சுழி! வணிகன் எவ்வாயிலை நாடுவான் என்பதற்கு ஆராய்ச்சியும் வேண்டுமோ? உலகிலேயே மிகுதியாக மிளகு விளைப்பது வியத்துநாம். அங்கே விளைச்சல் பெருகி விலை வீழ்ந்தது. அவ்விலை உலகச் சந்தை முழுவதையும் தாழ்த்தியது என்பது உண்மை. அதனை மறைத்து எழுதுவது அறமாகாது. ஆனால், நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் தீர்வை கொடுத்து வரவேண்டிய அம் மிளகு, இலங்கைத் துறையில் இறங்கி, ‘இலங்கை மிளகு’ என்று பெயர் சூடித் தீர்வையின்றி நம் துறையேறுகின்றது என்று கேரள, கருநாடக, தமிழ்நாட்டு உழவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். இந்திய அரசு 2017ஆம் ஆண்டு திசம்பரில்தான், கிலோவுக்கு 500 உருபா என இறக்குமதிக்குக் குறைந்த அளவு விலையை வரையறுத்தது. 2018ஆம் ஆண்டு மார்ச்சில், அவ்விலைக்குக் கீழ்ப்பட்ட மிளகைத் தடையே செய்தது. அவ்வாண்டிலேயே, பதப்படுத்தி மறு ஏற்றுமதி செய்வோர்க்கு அத் தடையினின்று விலக்கும் அளித்தது. 2020ஆம் ஆண்டு செப்தம்பரிலே, ஒப்பந்தச் சலுகையில் வரும் சரக்கின் பிறப்பிடத்தை இறக்குமதி செய்பவரே மெய்ப்பிக்கவேண்டும் என்னும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின், “இஃது எங்கே விளைந்தது?” என்று இறுகக் கேட்கும் எண்ணம் பிறந்திருக்கின்றது!

அன்பர்களே! ‘பிறப்பிட விதி’ என்று வணிகச் சட்டத்தார் கூறுவது வேறொன்றுமன்று; சரக்கிற்கு வேர்காணும் முயற்சியே அது. ஒரு சொல் தமிழ்ச்சொல்லா, அயற்சொல் தமிழுடை உடுத்து வந்ததா என்று அடிச்சொல் காட்டி நிறுவத் தெரிந்தவர்கள் நாம். ஓர் அயற்சொல் நுழைந்தால் உள்ளம் கொதிக்கின்றோம். ஆனால், அயல்நாட்டு மிளகு அண்டை நாட்டுப் பெயரில் நுழைந்தபொழுது அதற்கு வேர்காண முனைந்தோமா? மொழிக்கு வேலி கட்டிய நாம், அம்மொழி பேசும் உழவனின் கொல்லைக்கு வேலி இருக்கின்றதா என்று திரும்பிப் பார்த்தோமா?

அரூபாத் தீவின் சருக்கரை

இத்தகைய சூழ்ச்சி புதிதன்று. ஐரோப்பியர் இதனை முன்னரே கண்டவர்கள். 1957ஆம் ஆண்டு உரோமை நகரில் ஆறு நாடுகள் கூடிப் பொதுச் சந்தை அமைத்தபொழுது, தாம் அடிமை கொண்டிருந்த கடல்கடந்த நிலங்களையும் மறவாமல் அவ்வொப்பந்தத்தில் சேர்த்து எழுதின. அந் நிலங்களின் விளைபொருளுக்கு ஐரோப்பாவில் தீர்வைச் சலுகை. அவ் வரிசையில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட நிலங்களுள் ஒன்று, கரிபியக் கடலில் ஒல்லாந்தரின் ஆட்சியைச் சார்ந்த அரூபா என்னும் சிறுதீவு. அங்கே சருக்கரை விளைவதில்லை. ஆயினும் 1997ஆம் ஆண்டு ஏப்பிரலில் அங்கே ஓர் ஆலை தொடங்கிற்று. அண்டை நாடான திரினிடாடிலிருந்து சருக்கரையை வாங்கித் தூய்மை செய்து, அரைத்து, பொதிந்து, அரூபாவின் பெயரில் ஐரோப்பாவிற்கு அனுப்பத் தலைப்பட்டது.

ஐரோப்பிய அரசுகள் என்ன செய்தன? தம் கிழங்குச் சருக்கரை உழவர்க்கு ஊறு நேரும் எனக் கண்டன. அவ்வாண்டு முடியுமுன்பே, அவ்வாறு வரும் சருக்கரைக்கு ஆண்டுக்கு 3,000 டன் என எல்லை கட்டின. ஆலையார் வழக்குத் தொடுத்தனர். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐரோப்பிய முறைமன்றம் அவ்வெல்லை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஓர் ஆலை, ஒரு சிறுதீவு, எட்டே திங்களில் வேலி! நமக்கோ இருபது ஆண்டு! ஐரோப்பிய உழவனுக்கும் நம் உழவனுக்கும் உழைப்பில் வேறுபாடு இல்லை. அவன் குரல் விதியெழுதும் அறைக்குள் கேட்கின்றது. நம்மவன் குரல் கேட்பதில்லை.

ஒரே வியர்வைக்கு இரு விலை

விதியை எழுதுகின்றவன் கையில் எவ்வளவு வலிமை இருக்கின்றது என்பதற்குத் தமிழர் வரலாற்றினின்றே ஒரு சான்று தருகின்றேன். ஆங்கிலேயரும் பிரஞ்சுக்காரரும் தமிழரைக் கூலிகளாகக் கப்பலேற்றினர். மொரிசியசுக்கும் பிசித் தீவிற்கும் இரீயூனியனுக்கும் கரும்பு வெட்ட அனுப்பினர். இலங்கை மலைக்குக் குளம்பியும் தேயிலையும் வளர்க்க அனுப்பினர். எல்லாம் ஒரே தமிழன் வியர்வை. ஆனால், 1975ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தோகோ நாட்டு உலோமே நகரில் ஐரோப்பியர், ஆப்பிரிக்க, கரிபிய, அமைதிப்பெருங்கடல் நாடுகள் நாற்பத்தாறோடு உடன்படிக்கை செய்தபொழுது என்ன நேர்ந்தது? மொரிசியசும் பிசியும் அதனுள் இடம்பெற்றன. அவற்றின் கரும்புச் சருக்கரைக்கு உலகச் சந்தை விலையினும் பெரிதும் உயர்ந்த விலை பல்லாண்டு கிடைத்தது. இரீயூனியன் 1946 முதலே பிரான்சின் ஒரு மாவட்டமாகிவிட்டதால் அது வேலியின் உள்ளேயே இருந்தது. இந்தியாவும் இலங்கையும் ஆங்கிலேயரின் பழைய ஆட்சிநிலங்களே ஆயினும் அவ்வுடன்படிக்கைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. வளரும் நாடுகட்கெல்லாம் பொதுவான சிறு சலுகையோடு அவை அமைய வேண்டியதாயிற்று.

உள்ளே இருந்தவர்க்கும் அச் சலுகை நிலைத்ததோ? இல்லை. இலத்தீன் அமெரிக்க நாடுகளும் அமெரிக்காவும் ஐரோப்பாவின் வாழைப்பழ விதிகளை உலக வணிக அமைப்பில் எதிர்த்தன. 1993ஆம் ஆண்டு விதியினின்று எழுந்த அவ் வழக்கு 2012ஆம் ஆண்டில்தான் முடிந்தது. சருக்கரைக்கு அளித்த விலையுறுதியை ஐரோப்பியர் 2009ஆம் ஆண்டில் முடிவுக்குக் கொண்டுவந்தனர். அதனை நம்பியிருந்த பிசித்தீவுக் கரும்பு உழவர்கள் பெருந்துன்பத்திற்கு ஆளாயினர். அவர்களுள் தமிழ்வழியினரும் உளர். பிறன் எழுதிக் கொடுத்த சலுகை, பிறன் அழிக்கும்வரையிலேதான். இதனை நாம் நெஞ்சில் பொறித்துக்கொள்ள வேண்டும்.

நிலம் நம்முடையது, தீர்வை அவர்களுடையது

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 14ஆம் பதிவு வேளாண்மை. அஃதாவது, விதை, நீர், பயிர், பூச்சி, வறட்சி எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. ஆனால், வெளிநாட்டு வணிகமும் இறக்குமதி ஏற்றுமதியும் ஒன்றியப் பட்டியலின் 41ஆம் பதிவு. சுங்கத் தீர்வை அதே பட்டியலின் 83ஆம் பதிவு. இதற்கு மேலே 253ஆம் பிரிவு நிற்கின்றது: வெளிநாட்டு ஒப்பந்தம் எதனையும் நிறைவேற்ற எப்பொருள்மீதும் நாடாளுமன்றம் சட்டமியற்றலாம், அது மாநிலப் பட்டியலில் உள்ள பொருளாயினும் தடையில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கூட வேண்டுவதில்லை.

பயிர் பொய்த்தால் உழவன் மாநில அரசின் வாயிலில் நிற்கவேண்டும். பயிர் விளைந்து விலை பொய்த்தால் எவ்வாயிலில் நிற்பது? தில்லிக்கு வழி தெரியாது. தெரிந்து சென்றாலும் மொழி தெரியாது. அவன் வாழ்வைப் புரட்டிப்போட்ட அறிவிக்கைகள் வெளிவந்த இந்திய அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகின்றது. மிளகு என்னும் சொல்லை உலகறியுமுன்பே அறிந்தவன் தமிழன். மிளகைப் பற்றிய ஆணையைத் தன் மொழியில் படிக்க அவனுக்கு உரிமை இல்லை!

“மாநிலங்களையெல்லாம் கேட்டு ஒப்பந்தம் செய்ய இயலுமா?” என்று சிலர் நகைப்பர். இயலும் என்று காட்டிய நாடு உண்டு. பெல்சியத்தின் ஒரு பகுதி வல்லோனியா. மக்கள்தொகை ஏறத்தாழ முப்பத்தாறு இலக்கம். கனடாவோடு ஐரோப்பிய ஒன்றியம் செய்யவிருந்த பெரும் வணிக ஒப்பந்தத்தை, 2016ஆம் ஆண்டு அத்தோபரில் அச்சிறு பகுதியின் பேரவை எதிர்த்தது. பெல்சிய அரசியலமைப்பின்படி அதன் இசைவின்றிக் கையெழுத்திட இயலவில்லை. ஐரோப்பா முழுவதும் இரு கிழமை காத்து நின்றது. தம் வேளாண் விளைபொருளுக்கு இறக்குமதியால் ஊறு நேரின் காப்பு நடவடிக்கை கேட்கும் உரிமையை எழுத்தில் பெற்றபின்னரே வல்லோனியர் இசைந்தனர். முப்பத்தாறு இலக்கம் மக்களுக்கு இந்த உரிமை! 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படியே ஏழு கோடிக்கு மேற்பட்ட தமிழ்நாட்டு மக்களுக்கு ஒரு வினா கேட்கும் உரிமைகூட இல்லை! 1971ஆம் ஆண்டில் இராசமன்னார் குழு அறிக்கை தந்தது. 1974ஆம் ஆண்டில் சட்டப்பேரவை மாநிலத் தன்னாட்சித் தீர்மானம் இயற்றியது. அரை நூற்றாண்டு கடந்தும் மிளகு உழவன் நின்ற இடத்திலேயே நிற்கின்றான்.

பகை யார்மேல்?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நம் சினம் இலங்கை உழவன்மேல் பாயலாகாது. மாத்தளையிலும் கண்டியிலும் மிளகு விளைப்போர் நம்மைப் போன்றே சிறு நிலத்தினர். அவர்களுள் சிங்களரும் உண்டு, தமிழரும் உண்டு. வியத்துநாம் மிளகு அவர்கள் நாட்டின் பெயரைச் சூடியபொழுது, அவர்கள் பெயரும் விலையும் சேர்ந்தே கெட்டன. 2019ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை அரசே, மறு ஏற்றுமதிக்கென மிளகு முதலியன இறக்குமதி செய்வதைத் தடைசெய்தது. இரு கரையிலும் இழந்தவன் உழவன். இடையில் ஈட்டியவன் பெயர்மாற்றும் வணிகன்.

இறக்குமதியே கூடாது என்பாரும் நம்மிடையே உளர். அஃதும் பிழை. பஞ்சாமிர்தம் என வழங்கும் பழனி ஐந்தமுது, 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு எனும் பிறப்பிடச் சான்று பெற்றது. அதில் நம் மலையின் விருப்பாட்சி வாழைப்பழம் இருக்கின்றது, பேரீச்சையும் சேர்கின்றது. பேரீச்சை பெரிதும் மேலை ஆசிய நாடுகளினின்று வருவது. அதனால் ஐந்தமுது கெட்டுவிட்டதா? இல்லை. வருவது தன் பெயரோடு வரட்டும். தனக்குரிய தீர்வையைக் கட்டி வரட்டும். நம் உழவன் அறிய வரட்டும். ஏழை நாடுகளின் விளைபொருளுக்கு வழிவிடுவதும் அறமே. ஆனால் அவ் வறத்தின் விலையைத் தாண்டிக்குடி உழவன் ஒருவனே தன் மடியிலிருந்து கட்டவேண்டும் என்பது எவ்வகை அறம்?

“மிளகு மலிந்தால் வாங்கும் மக்களுக்கு நன்மையன்றோ?” என்றும் கேட்பர். ஊர்க்கடையில் சிறு பொட்டலம் மிளகு வாங்கும் ஏழைக்கு உழவன் இழந்த விலையில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று கடைக்குச் சென்று கேட்டுப் பாருங்கள். சேர்ந்ததாக ஓர் ஏழையும் என்னிடம் சொன்னதில்லை.

நம் கையில் உள்ளவை

பிறரைக் குறைகூறுவதோடு அமையின் இஃது அரைக்கட்டுரையாகும். நம் பக்கத்துக் குறையும் உண்டு. 2014ஆம் ஆண்டு மே முதல் நாள் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் கத்தரி, பாகல், புடல் முதலிய காய்களையும் தடைசெய்தது. முந்தைய ஆண்டில் சென்ற 207 சரக்குகளில் பழ ஈயும் பிற பூச்சிகளும் காணப்பட்டமையே அதற்குக் கரணியம். பொதிந்து அனுப்புமிடத்தில் ஆய்வைச் செம்மைப்படுத்திய பின்னரே, 2015ஆம் ஆண்டு சனவரியில் மாம்பழத்தின் மீதிருந்த தடை நீங்கிற்று. அத் தடையைச் சூழ்ச்சி என்று மட்டும் பேசித் திரிந்திருந்தால் அது நீங்கியிராது. நம் ஆயக்குடிக் கொய்யாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தரம் பிரித்தலும், குளிர்ப்படுத்திக் காத்தலும், சாறும் கூழுமாக மாற்றலும் ஊர்தோறும் ஓங்கியிருந்தால், விடியற்காலை விலைக்கு உழவன் தலைகுனிய நேருமோ?

ஆகவே நாம் கேட்கவேண்டியவை நான்கு. வேளாண் விளைபொருளைத் தொடும் எந்த வெளிநாட்டு ஒப்பந்தமும், அப்பொருள் விளையும் மாநிலங்களின் சட்டப்பேரவைகளில் முன்னரே வைக்கப்பெற வேண்டும். சலுகைத் தீர்வையில் வரும் ஒவ்வொரு விளைபொருளும் எங்கிருந்து, எவ்வளவு, என்ன விலைக்கு வந்தது என்பது திங்கள்தோறும் வெளியிடப்பெற வேண்டும். அவ் வறிவிக்கைகள் அனைத்தும் தமிழில் உழவர் கைக்கு வரவேண்டும். பிறப்பிடச் சான்றில் ஐயம் எழுப்பும் உரிமை உழவர் கூட்டுறவுகளுக்கும் வேண்டும்.

நாம் செய்யவேண்டியவை இரண்டு. மலையுழவர் தனித்தனியே விற்பதை விடுத்துக் கூட்டாக உலர்த்தி, தரம் பிரித்து, ஊர்ப்பெயரைத் தமிழில் பொறித்து விற்கட்டும். நம் அன்பர்கள் கடையில் மிளகு வாங்கும்பொழுது, “இஃது எந்த ஊர் மிளகு?” என்று ஒருமுறையேனும் கேட்கட்டும். சொல்லுக்கு வேர் கேட்கும் நாவு சரக்கிற்கும் வேர் கேட்கப் பழகட்டும்.

இக் கேள்வி தமிழனுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சரக்கின்மீது புலிப்பொறி இட்டுக் காத்த சுங்க அலுவலரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. முசிறித் துறையினின்று சென்ற சரக்கைக் குறித்த, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க ஒப்பந்தத்தாள் ஒன்று இன்றும் வியன்னாவில் உள்ளது. நம் கடற்கரைச் சரக்கிற்கு உரோமை அரசு நான்கில் ஒரு பங்கு தீர்வை கொண்டதை அதனால் அறிகின்றோம். எகிப்தின் பெரணிகே துறையில், கோயில் ஒன்றில் புதையுண்டிருந்த தாழியில் ஏழரைக் கிலோ மிளகு, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு கடந்து அகழ்ந்தெடுக்கப்பெற்றது. அன்று அவர்கள் துறையில் அவர்கள் தீர்வை வைத்தனர்; நம் துறையில் நம் பொறியை நாம் வைத்தோம்.

இன்று நம் துறையில் பொறி வைப்பவர் யார்? என் மாணவர் கேட்ட வினாவிற்கு இப்பொழுது என்னிடம் விடை இருக்கின்றது. ஆனால், விடை தெரிந்த ஆசிரியன் ஒருவனால் அவர் மிளகுக்கு ஒரு காசும் ஏறாது. அவ் வினாவை நாடே கேட்கவேண்டும். விளைப்பவன் இங்கே இருக்க, விதிப்பவன் எங்கோ இருக்கும் நிலை மாறும்வரை கேட்கவேண்டும்.

கேட்போம்! உரக்கக் கேட்போம்! தமிழில் கேட்போம்!